இதயத்துக்கு 'பெப்டைட்' மாத்திரையா? வாங்கும் முன் இதைத் தெரிஞ்சுக்கோங்க!

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு காணொளி வருகிறது. "தினம் ரெண்டு மாத்திரை போதும். ரத்த அழுத்தம் குறையும், இதயம் பலமாகும்!" என்கிறது அது.

"நமக்கும் ஒரு டப்பா வாங்கிக் கொடேன்" என்று அப்பா கேட்கிறார்.

நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்?

பெப்டைட் என்றால் என்ன?

புரதம் ஒரு நீண்ட மணிமாலை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மணியும் ஓர் அமினோ அமிலம். அந்த மாலையின் சிறு துண்டுதான் பெப்டைட். பால், மீன், சோயா எதைச் சாப்பிட்டாலும் உங்கள் வயிறு புரதத்தை இப்படித்தான் துண்டு துண்டாக வெட்டுகிறது.

இதயத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

உடலில் 'ஏஸ்' என்ற நொதி இருக்கிறது. ரத்தக்குழாய்களைச் சுருக்கும் பொருளை உருவாக்குவது அதுதான். குழாய் சுருங்கினால் அழுத்தம் ஏறும்.

பிரேசிலில் உள்ள ஒரு விரியன் பாம்பின் விஷத்தில் இருந்த பெப்டைடுகள் அந்த நொதியைத் தடுப்பதை அறிவியலாளர்கள் கண்டுபிடித்தனர். ஆனால் ஒரு சிக்கல்: அதை ஊசியாகத்தான் போட முடிந்தது. விழுங்கினால் பலனில்லை.

அதனால் அதே வேலையைச் செய்யும், விழுங்கக்கூடிய வேறொரு சிறிய மூலக்கூற்றை உருவாக்கினார்கள். அதுதான் கேப்டோப்ரில். 1981இல் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது. இன்று பலர் சாப்பிடும் எனலாப்ரில், லிசினோப்ரில் மாத்திரைகளும் அதே குடும்பம்தான்.

அப்படியென்றால் கடையில் விற்பவை?

புளித்த பாலில் கிடைக்கும் இரண்டு சிறிய பெப்டைடுகள்தான் அதிகம் ஆராயப்பட்டவை. ஒவ்வொன்றிலும் மூன்றே மூன்று அமினோ அமிலங்கள். ஜப்பானில் நடந்த ஆய்வுகளில் ரத்த அழுத்தம் ஓரளவு குறைந்தது. ஐரோப்பாவில் நடந்த ஆய்வுகளில் பலன் மிகக் குறைவு. அவை ரத்த அழுத்தத்தைச் சீராக வைக்கும் என்பது நிரூபிக்கப்படவில்லை என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொல்லிவிட்டது.

இன்னொன்றையும் கவனிங்க. அழுத்தம் கொஞ்சம் குறைவது வேறு, மாரடைப்பு குறைவது வேறு. அந்த மாத்திரைகள் மாரடைப்பைத் தடுக்கும் என்று பெரிய ஆய்வு எதுவும் காட்டவில்லை.

பெப்டைட் மருந்தே இல்லையா?

இருக்கிறது. செமாக்ளுடைட் ஒரு பெப்டைட் மருந்து. ஏற்கெனவே இதய, ரத்தநாள நோயும் கூடுதல் எடையும் உள்ள 17,604 பேரிடம் அது சோதிக்கப்பட்டது. முடிவு 2023இல் வெளியானது. மாரடைப்பு, பக்கவாதம், இதய, ரத்தநாள நோயால் மரணம் ஆகியவை 8 விழுக்காட்டிலிருந்து 6.5 விழுக்காடாகக் குறைந்தன.

ஆனால் அது மருத்துவர் எழுதித் தரும் மருந்து. "அதுவும் பெப்டைட், இதுவும் பெப்டைட்" என்று யாராவது சொன்னால் ஏமாந்துடாதீங்க.

சிங்கப்பூரில் விதிமுறை என்ன?

ஊட்டச்சத்து மாத்திரைகளை விற்கச் சுகாதார அறிவியல் ஆணையத்தின் முன் அனுமதி தேவையில்லை. பாதுகாப்பும் தரமும் விற்பவரின் பொறுப்பு. நோயைக் குணப்படுத்தும், தடுக்கும் என்று விளம்பரம் செய்யவும் கூடாது. ஆக, அந்தக் காணொளி அப்படிச் சொன்னால் அதுவே ஓர் எச்சரிக்கை மணி!

நீங்கள் என்ன செய்யலாம்?

• அப்பாவின் ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்த விடாதீங்க. உண்மையான ஆபத்து இங்கேதான். அழுத்தம் மறுபடி ஏறினாலும் பெரும்பாலும் எந்த அறிகுறியும் தெரியாது.

• புதிதாக எதையும் தொடங்கும் முன் டப்பாவைப் பலதுறை மருந்தகத்துக்கோ குடும்ப மருத்துவரிடமோ எடுத்துட்டுப் போங்க. கர்ப்பிணிகளும் சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்களும் கட்டாயம் கேட்க வேண்டும்.

• 'ஆய்வுக்கு மட்டும்' என்று எழுதிய பெப்டைட் ஊசிக் குப்பிகளை இணையத்தில் வாங்கவே வாங்காதீங்க.

• வீட்டிலேயே ரத்த அழுத்தத்தை அளந்து எழுதி வையுங்க. 140/90க்கு மேல் அடிக்கடி வந்தால் மருத்துவரைப் பாருங்க.

• உணவங்காடியில் மீ சூப் வாங்கினால் சூப்பை முழுசாகக் குடிக்காதீங்க. உப்பு பெரும்பாலும் அதில்தான். வாரத்துக்கு 150 நிமிடமாவது வேகமாக நடங்க.

• நெஞ்சு வலி, மூச்சுத்திணறல் வந்தால் உடனே 995ஐ அழையுங்கள்.

சிங்கப்பூரில் 18 முதல் 74 வயது வரை உள்ளவர்களில் மூவரில் ஒருவருக்கும் மேல் உயர் ரத்த அழுத்தம் உண்டு. உங்கள் வீட்டிலும் ஒருவர் இருக்கலாம்.

அப்பாவிடம் "வேணாம்ப்பா" என்று மட்டும் சொல்லி முடிச்சுடாதீங்க. "வாங்கப்பா, முதல்ல பிரஷர் பார்ப்போம்" என்று சொல்லிப் பாருங்கள். டப்பா வாங்கும் காசில் ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியே வாங்கிவிடலாம்.