துரத்தப்பட்டவர்களின் பாடல்களைத் தேடிய இசைக்குழு

1974இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் நான்கு இசைக்கலைஞர்கள் சேர்ந்து ஒரு குழுவைத் தொடங்கினர். கட்டலோனியரான ஜோர்டி சவாள், அவருடைய மனைவியும் பாடகியுமான மொன்செராத் ஃபிகேராஸ், லூட் வாசிக்கும் ஹொப்கின்சன் ஸ்மித், காற்று வாத்தியக் கலைஞர் லொரென்சோ அல்பேர்ட் ஆகியோரே அவர்கள். ஸ்பெயினும் இத்தாலியும் அடங்கிய மேற்குத் தீபகற்பங்களைப் பண்டைய கிரேக்கர் அழைத்த பெயரையொட்டி, குழுவுக்கு 'ஹெஸ்பேரியோன்' என்று பெயரிட்டனர். அப்போது ஸ்பெயினில் பிராங்கோவின் சர்வாதிகார ஆட்சி முடிந்திருக்கவில்லை.

செலோ பயின்ற சவாள், பிறகு கையிலெடுத்த வாத்தியம் வயோலா ட காம்பா. 'காம்பா' என்றால் இத்தாலிய மொழியில் கால். வாத்தியத்தைக் கால்களுக்கிடையில் பிடித்து, உள்ளங்கை மேல்நோக்கியிருக்க வில்லை ஏந்தி வாசிப்பார்கள். பெரும்பாலும் ஆறு தந்திகள். தந்திகளும் கழுத்தில் சுற்றிக் கட்டப்படும் மெட்டுகளும் ஆட்டுக்குடலில் திரித்தவை. ஒலி மெல்லியது, பேச்சுக்குரலுக்கு நெருக்கமானது. சிறு அறைகளுக்கு அது போதுமாக இருந்தது. பெரிய அரங்குகளும் உரத்த ஒலியுள்ள செலோவும் வந்தபின், 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் அது ஏறக்குறைய மறைந்தே போனது. அதைப் பொதுமக்களிடம் மீண்டும் கொண்டுசென்றதில் 1991இல் வெளிவந்த ஒரு பிரெஞ்சுத் திரைப்படத்துக்குப் பெரும் பங்குண்டு. அதன் இசை சவாளுடையது.

ஆனால் பழைய வாத்தியங்களை வாசித்ததால் மட்டும் இந்தக் குழு முக்கியமானதல்ல. 1492இல் ஸ்பெயினின் அரச தம்பதியர் யூதர்களை நாட்டைவிட்டு வெளியேற்றினர். அவர்கள் தங்கள் ஸ்பானிய மொழியையும் பாடல்களையும் சரயேவோ, சலோனிக்கா, இஸ்தான்புல், மொரோக்கோ என்று எடுத்துச் சென்றனர். அந்தப் பாடல்களை ஹெஸ்பேரியோன் அரண்மனை இசைக்குச் சமமாக மேடையேற்றியது, ஃபிகேராஸ் பாடினார். இவற்றை அப்படியே 15ஆம் நூற்றாண்டின் இசை என்று கொள்ள முடியாது. வாய்வழியாக வந்த மெட்டுகள் பெரும்பாலும் 19, 20ஆம் நூற்றாண்டுகளில்தான் எழுத்தில் பதிவாயின. குழு சேர்க்கும் தாளமும் வாத்தியங்களும் அவர்களின் கற்பனையே. இருந்தாலும், துரத்தியவர்களின் இசையோடு துரத்தப்பட்டவர்களின் இசையையும் ஒரே மேடையில் வைத்தது சாதாரண விடயமல்ல.

2011இல் ஃபிகேராஸ் காலமானார். 2014இல் ஸ்பெயினின் தேசிய இசை விருதை, 30,000 யூரோவுடன் சேர்த்து, சவாள் மறுத்தார். அரசு கலையைக் கைவிட்டுவிட்டது என்பது அவர் சொன்ன காரணம். 2016இல் அவர் தொடங்கிய 'ஓர்பியுஸ் 21' என்ற திட்டத்தில், சிரியா, ஆப்கானிஸ்தான் முதலான நாடுகளிலிருந்து ஐரோப்பாவுக்கு அகதிகளாக வந்த இசைக்கலைஞர்கள் தங்கள் பாடல்களை அங்குள்ள பிள்ளைகளுக்குக் கற்பித்தனர்.