மட்டாஞ்சேரி மரக்கதவுகள்: நீர்க்கசிவும் ஈரச்சேதமும்

மட்டாஞ்சேரி மரக்கதவுகள் என்பவை கேரள மாநிலம் கொச்சி நகரின் மட்டாஞ்சேரிப் பகுதியில், காயலை ஒட்டிய பண்டகசாலைகள், கடைகள், பழைய வீடுகள் ஆகியவற்றில் உள்ள வாசல் கதவுகளாகும். தேக்கு, பலா, அயினி (மலையாளத்தில் ஆஞ்ஞிலி) போன்ற மரங்களால் ஆனவை. நீண்ட மழைக்காலமும் உப்பு கலந்த காயல் காற்றும் சுவரில் ஏறும் ஈரமும் இவற்றைச் சேதப்படுத்துகின்றன. சேதம் பெரும்பாலும் கதவின் அடிமுனையிலும் நிலைச்சட்டத்தின் காலிலும் தொடங்குகிறது. தண்ணீர் உள்ளே புகாமல் தடுப்பதும், புகுந்த நீர் வெளியேற வழிவிடுவதும் பழுதுபார்ப்பின் இரு கடமைகள். இரண்டாவதை மறந்து செய்யப்படும் பழுதுபார்ப்பு நீடிப்பதில்லை.

அமைவிடமும் காலநிலையும்

மட்டாஞ்சேரி பழைய கொச்சி சமஸ்தானத்தின் அரண்மனை ஊர். மிளகு, இஞ்சி, ஏலக்காய் வணிகத்தின் துறைமுகச் சந்தை. 1555 அளவில் போர்த்துகீசியர் கட்டி கொச்சி மன்னருக்கு அளித்த மட்டாஞ்சேரி அரண்மனையை, 1663க்குப் பின் டச்சுக்காரர்கள் பழுதுபார்த்தனர். அதனால் அதற்கு டச்சு அரண்மனை என்ற பெயரும் நிலைத்தது. 1568இல் எழுந்த பரதேசி யூத ஆலயம் அதன் அருகில் உள்ளது. ஆலயத்தைச் சுற்றிய யூதத் தெருவிலும், காயலோரமாகச் செல்லும் பஜார் சாலையிலும் மசாலாப் பண்டகசாலைகள் வரிசையாக நிற்கின்றன. 2012இல் கொச்சி-முசிரிஸ் பினாலே தொடங்கிய பின் இவற்றில் சில கலைக்கூடங்களாகவும் பயன்பட்டு வருகின்றன.

கொச்சியில் ஆண்டுக்குச் சுமார் 3,000 மி.மீ. மழை பெய்கிறது. அதில் பெரும்பங்கு ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான தென்மேற்குப் பருவமழை; அக்டோபர், நவம்பரில் துலாவர்ஷம் எனப்படும் வடகிழக்குப் பருவமழை மீண்டும் நனைக்கிறது. காயலின் மட்டத்துக்குச் சற்றே மேலிருக்கும் ஊர் என்பதால், பெரிய ஓதங்களின்போது தாழ்வான தெருக்களிலும் முற்றங்களிலும் உப்புநீர் ஏறுவதுண்டு. மலையாளத்தில் ஓதம் ஏறுவதை வேலியேற்றம் என்பர்.

இந்தக் காற்றில் மரம் ஓய்வின்றி ஈரத்தை வாங்கியும் விட்டும் கொண்டிருக்கும். ஜனவரியின் உலர்காற்றில் மரத்தின் ஈரம் அதன் உலர் எடையில் 12, 13 விழுக்காடாக இருக்கும். கடும் மழையில் 18 வரை ஏறும். 200 மி.மீ. அகலமுள்ள தேக்குப் பலகையில் ஈரம் 5 புள்ளி கூடினால், அது அறுக்கப்பட்ட விதத்தைப் பொறுத்து ஏறத்தாழ 2 மி.மீ. வரை அகலும். ஐந்து பலகை சேர்ந்த கதவு மழையில் நிலையோடு இறுகிக்கொள்வதன் காரணம் இதுவே. தேக்கே இப்படியென்றால் மலிவான மரங்கள் இதைவிட அதிகம் வீங்கும்.

கதவுகளின் வகைகள்

பண்டகசாலைக் கதவுகள் பொதுவாக இரட்டைக் கதவுகள். நெடும்பலகைகளைப் பின்புறம் குறுக்குச் சட்டங்களால் பிணைத்து இரும்பு ஆணி அறைந்திருப்பர். பழையவற்றில் கீலுக்குப் பதில் குடுமி உண்டு. கதவின் ஓரச் சட்டம் மேலும் கீழும் நீண்டு, படியிலும் உத்திரத்திலும் உள்ள குழியில் சுழலும். கீழ்க்குழியில் தேங்கும் நீர் குடுமியை முதலில் அரிக்கும்.

கடைகளில் நிரைப்பலகை முறை இருந்தது. சில இடங்களில் இன்றும் காணலாம். தனித்தனிப் பலகைகளை எண்ணிட்டு, ஒவ்வொன்றாகப் படியிலுள்ள காடியில் இறக்கி நகர்த்தி அடைப்பர். கடைசிப் பலகையின் குறுக்கே இரும்புப் பட்டை போட்டுப் பூட்டு விழும். தமிழ்நாட்டு மளிகைக் கடைகளிலும் ஷட்டர் வருவதற்கு முன் இதே பலகைக் கதவுகள்தான் இருந்தன. காடி சிறு கால்வாயாகவே வேலை செய்வதால் மழைநீர் அதில் நின்று பலகைகளின் அடிமுனையை நனைக்கும்.

நீர் நுழையும் வழிகள்

கதவில் ஈரம் தெரியும் இடமும் நீர் நுழையும் இடமும் ஒன்றாக இருப்பது அரிது. முக்கிய வழிகள் ஐந்து.

முதலாவது, பலகையின் அறுபட்ட முனை. மரத்தின் நார்கள் நெடுக்கே ஓடுவதால், அறுபட்ட முனை பக்கவாட்டு முகத்தைவிடப் பல மடங்கு வேகமாக நீரை உறிஞ்சும். வண்ணம் பூசுபவர் கதவைக் கழற்றாமல் பூசினால் அடிமுனை வெறுமையாகவே நின்றுவிடும்.

இரண்டாவது, படி. வெளிப்பக்கம் சரியாத படியில் நீர் நின்று கதவடியின் கீழே உள்ளே வரும்.

மூன்றாவது, நிலைக்கும் சுவருக்கும் இடையிலான இடுக்கு. சாரல் காற்றில் நீர் இதன் வழியே இறங்கி உட்புறப் பூச்சில் கறையாகத் தெரியும்.

நான்காவது, மேலிருந்து வருவது. உடைந்த ஓடு, அடைபட்ட மழைநீர்த் தாரை ஆகியவற்றின் நீர் நிலையின் மேற்சட்டத்தில் வழியும்.

ஐந்தாவது, தரையிலிருந்து. மட்டாஞ்சேரியின் பழைய சுவர்கள் வெட்டுக்கல்லாலும் சுண்ணாம்புக் காரையாலும் ஆனவை. துளைகள் நிறைந்த வெட்டுக்கல் நிலத்தடி ஈரத்தை உறிஞ்சி மேலேற்றும். நிலைச்சட்டத்தின் கால் அந்தச் சுவருக்குள் புதைந்திருப்பதால் மழை இல்லாத மாதத்திலும் நனைந்தே இருக்கும்.

எது காரணம் என்று அறியக் குழாய்நீர்ச் சோதனை உதவும். உள்ளே ஒருவர் உலர்ந்த துணியுடன் நிற்க, வெளியே படிக்கு மட்டும் பத்து நிமிடம் நீர் விட வேண்டும். பிறகு கதவின் கீழ்ப்பாதி, மேல்பாதி, நிலையின் ஓரம், கடைசியில் மேற்சட்டம் என்று கீழிருந்து மேலே போக வேண்டும். மேலிருந்து தொடங்கினால் நீர் எல்லா இடுக்கிலும் ஒரே நேரத்தில் வழிந்து எதையும் பிரித்தறிய முடியாது.

சேதத்தின் அறிகுறிகள்

வண்ணம் கொப்புளிப்பதும் ஆணித்தலையைச் சுற்றிக் கருநீலக் கறை படர்வதும் முதல் அடையாளங்கள். மரத்தின் டானினும் துருவும் சேர்ந்து அந்தக் கறையை உண்டாக்குகின்றன. துருவேறிய ஆணி பருத்து மரத்தைப் பிளக்கும். பிளவில் மேலும் நீர் புகும்.

அடுத்த நிலை அழுகல். மரத்தின் ஈரம் 20 விழுக்காட்டைத் தாண்டி நீடித்தால் பூஞ்சை பிழைக்கும். 28, 30 விழுக்காட்டை ஒட்டினால் வேகமாக வளரும். திருப்புளியின் கைப்பிடியால் கீழிருந்து மேலாகத் தட்டினால் நல்ல மரம் கணீரென்றும் அழுகிய மரம் பொத்தென்றும் ஒலிக்கும். முனையால் குத்தும்போது எதிர்ப்பின்றி இறங்கினால் அந்தப் பகுதி போய்விட்டது. ஈரமானியும் உதவும், ஆனால் உப்பேறிய மரத்தில் அது உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும் என்பதால் தட்டிப் பார்ப்பதைக் கைவிடக்கூடாது. ஈரமான நிலைக்காலில் கரையான் மண்கூடு கட்டியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

பண்டகசாலைகளில் ஈரச்சேதம் கதவோடு நிற்பதில்லை. உலர்மிளகின் ஈரம் 12 விழுக்காட்டுக்கு மேல் போகக்கூடாது என்பது வணிக வரம்பு. கதவடியில் கசியும் நீர் சாக்கை எட்டினால் பூசணம் பிடிக்கும்.

பழுதுபார்க்கும் முறை

மரவேலைக்கு ஏற்ற காலம் டிசம்பர் முதல் மார்ச் வரை. மழையில் இறுகிய கதவை அப்போதே இழைப்புளியால் சீவுவது பரவலான தவறு. கோடையில் மரம் சுருங்கியதும் அங்கே இடைவெளி விழும்; அடுத்த மழை அதன் வழியே வரும். எண்ணெய் தடவி, சற்று மெழுகு தேய்த்து மழைக்காலத்தை ஓட்டுவதே சரி.

கதவைக் கழற்றி நிழலில் காற்றோட்டமாகச் சில வாரம் உலர்த்த வேண்டும். வெயிலில் சாய்த்தால் வெடிக்கும். அழுகிய அடிப்பகுதியை, நல்ல மரம் தெரியும் வரை வெட்டி, அதே மரத்தில் நார் ஒரே திசையில் ஓடும்படி புதுத் துண்டு ஒட்ட வேண்டும். ஒட்டின் வெட்டு சாய்வாகவும், வெளிமுகத்தில் நீர் கீழ்நோக்கி வழியும்படியும் இருக்க வேண்டும். நேர்வெட்டு ஒட்டில் நீர் தங்கும். எப்பாக்சி மென்மையான சிறு பகுதிகளை இறுக்கும். ஈர மரத்தின் மேல் ஊற்றினால் ஒட்டாமல் உரியும்.

போராக்சும் போரிக் அமிலமும் கலந்த நீர் பூஞ்சையையும் பூச்சியையும் தடுக்கும். மழை அதைக் கழுவிவிடும் என்பதால் மேலே எண்ணெயோ வண்ணமோ கட்டாயம். ஆளிவிதை எண்ணெய் எளிதில் கிடைக்கும். முந்திரிக்கொட்டை ஓட்டெண்ணெய் கேரளத்தில் படகுகளுக்கும் வீட்டு மரங்களுக்கும் நெடுங்காலமாகப் பயன்படுவது. தோலில் பட்டால் புண்ணாக்கும், கையுறை அவசியம். எதைப் பூசினாலும் அடிமுனைக்கு மூன்று கை கூடுதலாக ஊற வைக்க வேண்டும்.

இரும்பு ஆணிக்குப் பதில் பித்தளைத் திருகாணி அல்லது 316 தர எவர்சில்வர் திருகாணி போடலாம். கதவின் அடியில் வெளிப்பக்கமாகச் சரிந்த ஒரு சட்டம் பொருத்தி, அதன் அடியில் நெடுக ஒரு சிறு காடி வெட்டினால், வழியும் நீர் உள்ளே ஊர்ந்து வராமல் அங்கேயே சொட்டிவிடும். நிரைப்பலகைக் காடிக்கு வெளிப்புறமாக இரண்டு மூன்று வடிதுளைகள் போதும். இந்தத் துளைகளையும் கதவடியையும் சிலிகோன் பசையால் அடைப்பது நீரைச் சிறைவைப்பதாகும்.

சுவரும் சுண்ணாம்பும்

நிலையைச் சுற்றிய பூச்சை சிமெண்டால் திருத்துவது சேதத்தை விரைவுபடுத்தும். வெட்டுக்கல் சுவரின் ஈரம் சுண்ணாம்புப் பூச்சு வழியே ஆவியாகும். சிமெண்டு அதை மறித்தால் ஈரம் பக்கத்தில் உள்ள நிலைச்சட்டத்துக்குப் போகும். உப்பும் பூச்சுக்குப் பின்னால் படிகமாகி அதை உதிர்க்கும். சுண்ணாம்பு, மணல் கலவையே ஏற்றது. கடுக்காய்ச் சாறும் வெல்லமும் சேர்க்கும் பழைய முறையும் உண்டு. நிலையின் காலைச் சுவரிலிருந்து பிரித்து ஒரு கருங்கல் துண்டின் மேல் நிறுத்தினால் தரை ஈரம் அறுபடும்.

சட்ட நிலை

மட்டாஞ்சேரி அரண்மனை 1951 முதல் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. 2010இல் திருத்தப்பட்ட நினைவுச்சின்னச் சட்டத்தின்படி, அதன் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானத்துக்குத் தடை. பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்கவும் உரிய அதிகாரியின் அனுமதி வேண்டும். அடுத்த 200 மீட்டர் கட்டுப்படுத்தப்பட்ட பகுதி. அரண்மனையை ஒட்டிய வீட்டுக்காரர்கள் வாசலை இடித்துக் கட்டும் முன் இதைக் கேட்டறிய வேண்டும்.

கேரவன் கதவுகள்

தங்கும் வசதியுள்ள சுற்றுலா வண்டிகளான கேரவன்களின் கதவுகளிலும் இதே நீர்க்கசிவு உண்டு; கேரள அரசு 2021இல் இவற்றுக்கான சுற்றுலாத் திட்டத்தை அறிவித்தது. இவற்றின் கதவு பெரும்பாலும் மெல்லிய அலுமினியம் அல்லது ஃபைபர் தகடுகளுக்கு நடுவே ஒட்டுப்பலகையோ நுரையோ வைத்து ஒட்டியது. ரப்பர் பட்டை இறுகி வெடித்தாலும், சன்னலைச் சுற்றிய பசை விட்டாலும் நீர் நடுவில் இறங்கி அடியில் தேங்கும். தகடு உப்பிப் பிரியும். மரக்கதவுக்குச் சொன்ன ஒழுங்கே இங்கும் பொருந்தும்: கீழிருந்து நீர்ச் சோதனை, அடிவிளிம்பைத் திறந்து முழுவதும் உலர்த்தல், அழுகிய உள்பலகையை மாற்றுதல், புது ரப்பர், கடைசியில் அடியில் வடிதுளை. உலர்த்தாமல் பசை பூசி மூடினால் அழுகல் உள்ளேயே தொடரும்.

பராமரிப்பு

ஆண்டுக்கு இருமுறை பார்த்தால் போதும். மே மாதத்தில் ஓடு, மழைநீர்த் தாரை, படியின் சரிவு, வடிதுளை ஆகியவற்றைச் சீராக்க வேண்டும். டிசம்பரில் கதவைக் கழற்றி அடிமுனைக்கு எண்ணெய் ஊற வைக்க வேண்டும். கதவின் முகம் பளபளப்பாக இருந்து அடிமுனை வறண்டிருந்தால் அந்த வேலை பாதியில் நின்றது என்றே பொருள். கதவை மாற்ற முடிவெடுக்கும் முன் அதைக் கழற்றி அடியைப் பார்க்க வேண்டும். மேலே உள்ள மரம் கணீரென்று ஒலித்தால், மாற்ற வேண்டியது அழுகிய அடித்துண்டு மட்டுமே.