போதைப்பொருட் குற்றமும் தண்டனையின் அளவும்: ஒரு வரலாற்று நோக்கு

குற்றத்திற்கேற்ற தண்டம் என்பது நம் முன்னோர் அரசியலிலே பெரிதும் வற்புறுத்திய நெறியாகும். தண்டம் குறையின் தீயோர் மிகுவர். மிகின் குடிகள் அரசை வெறுப்பர். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட அளவைக் காண்பதே நீதிபதியின் கடன். இலங்கையிலே போதைப்பொருட் குற்றங்களைப் பொறுத்தவரை, அக்கடனை நீதிபதியிடமிருந்து பெருமளவு வாங்கி நிறைகோலிடம் ஒப்படைத்துவிட்டது சட்டம். அஃது எவ்வாறு நிகழ்ந்தது, அதனைத் திருத்த வேண்டுவது ஏன் என்பவற்றை வரலாற்று வழிநின்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே அபின் இந்நாட்டிற் குற்றப்பொருளன்று. அரசுக்கு வருவாய்ப் பொருள். இந்தியாவிலிருந்து இறக்குமதியான அபினை உரிமம் பெற்ற கடைகள் விற்றன. மக்களிடையே எதிர்ப்பு வலுக்கவே, 1907ஆம் ஆண்டிலே விசாரணைக் குழு ஒன்று நியமிக்கப்பட்டது. அதன் வழிவந்த 1910ஆம் ஆண்டுச் சட்டம் அக்கடை வியாபாரத்திற்கு முடிவு கட்டியது. ஆயினும், அபினுக்கு முன்னரே அடிமைப்பட்டோரை அது சிறைக்கு அனுப்பவில்லை. அவர்தம் பெயரைப் பதிவுசெய்து, அளவு குறித்து, அரசாங்கத்தின் வாயிலாகவே கொடுத்து வந்தது. சுதேச வைத்தியர்க்கும் மருந்தின் பொருட்டு வழங்கியது. விற்போன் வேறு, பழக்கத்திற்கு ஆட்பட்டோன் வேறு என்னும் பாகுபாட்டை அந்நிய ஆட்சியினரும் அறிந்திருந்தனர் என்பது இதனாற் புலனாகும்.

இன்றுள்ள சட்டத்திற்கு அடிப்படையாயிருப்பது 1929ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க நஞ்சுகள், அபின் மற்றும் அபாயகர ஒளடதங்கள் கட்டளைச் சட்டமாகும். எண்பதுகளின் தொடக்கத்திலே ஹெரோயின் இந்நாட்டிற் பரவியபோது, 1984ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் வந்தது. வியாபாரத்திற்கு மாத்திரமன்றி, குறித்த அளவுக்கு மேல் உடைமையில் வைத்திருப்பதற்கும் மரண தண்டனை அல்லது ஆயுட்காலச் சிறை என அது விதித்தது. ஹெரோயினுக்கு அவ்வளவு 2 கிராம். அபினுக்கு 500 கிராம். கஞ்சாவுக்கு 5 கிலோகிராம். இக்குற்றங்களுக்குப் பிணை வழங்கும் அதிகாரமும் நீதவானிடமிருந்து நீங்கி, விசேட காரணம் காட்டினால் மட்டுமே மேல் நீதிமன்றம் வழங்கலாம் என்றாயிற்று. 2022ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டம், ‘ஐஸ்’ எனப்படும் மெதம்பெற்றமைன் 5 கிராமுக்கும் இத்தண்டனையை நீட்டியது.

2 கிராம் ஒரு தேக்கரண்டியையும் நிரப்பாது. கூலிக்குச் சுமந்த இளைஞனாயினும், தன் பழக்கத்தின் பொருட்டு வாங்கியவனாயினும், பெரு வியாபாரியாயினும், அளவு கடந்துவிட்டால் நீதிபதியின் முன்னுள்ளவை இரண்டே வழிகள். பெரு வியாபாரி பொருளைத் தன் கையால் தொடுவதில்லை. ஆகவே நிறைகோலில் அகப்படுவோர் பெரும்பாலும் வறியவரே. பகுப்பாய்வு அறிக்கைக்கும் வழக்கு விசாரணைக்கும் காத்து விளக்கமறியலிற் கழியும் மாதங்களும் தண்டனையாகவே முடிகின்றன.

பிற நாட்டு வரலாறும் இங்கு நோக்கத்தக்கது. அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலம் 1973இலே மிகக் கடுமையான கட்டாயத் தண்டனைகளை விதித்தது. சிறைகள் நிரம்பின, போதை ஒழியவில்லை. 2004இலும் 2009இலும் அச்சட்டங்களைத் தளர்த்தி, நீதிபதிக்கு அதிகாரத்தை மீட்டளித்தது. இந்தியா 1985இலே இயற்றிய சட்டத்தை 2001இலே திருத்தி, சிறிய அளவு, இடைப்பட்ட அளவு, வணிக அளவு எனப் பகுத்துத் தண்டனையைப் படிப்படியாக்கியது. 1983இலே போதைப்பொருள் வியாபாரத்திற்குக் கட்டாய மரண தண்டனை விதித்த மலேசியா, 2023இலே அக்கட்டாயத்தை நீக்கியது. கடுமையை நெடுங்காலம் சோதித்துப் பார்த்த நாடுகளே இம்முடிவுக்கு வந்தன என்பதை நாம் மறத்தலாகாது.

நம் நாட்டிலும் இதற்கான வித்துக்கள் இல்லாமலில்லை. போதைக்கு அடிமைப்பட்டோரின் சிகிச்சைக்கும் புனர்வாழ்வுக்கும் 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டம் வழி வகுத்தது. 2008இலே, பிறிதொரு குற்றம் பற்றிய வினாவிலே, சட்டம் விதித்த குறைந்தபட்சச் சிறைத் தண்டனை மேல் நீதிமன்றத்தின் தற்றுணிபைத் தடுக்கமாட்டாது என உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1976இன் பின் இங்கே தூக்குத் தண்டனை நிறைவேறவில்லை. 2019இலே போதைப்பொருட் குற்றவாளிகள் நால்வரைத் தூக்கிலிட ஜனாதிபதி ஒப்பமிட்டபோதும் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது.

‘நஞ்சு விற்பவனுக்கு இரக்கமா?’ என்று கேட்பார் உளர். கல்முனை முதல் காரைதீவு, நிந்தவூர் ஈறாக இக்கரையோரத்திலே பிள்ளைகளைப் பெற்ற எவரும் கேட்கக்கூடிய வினாவே அது. பள்ளி மாணவரை நாடிவரும் வியாபாரியிடம் சட்டம் கடுமையாகவே இருத்தல் வேண்டும். ஆனால், அவனிடம் ஏமாந்த மாணவனும் அவனும் ஒரே தட்டிலே நிறுக்கப்படுவராயின், நம் பிள்ளையைக் காக்க எழுந்த சட்டம் நம் பிள்ளையையே விழுங்கிவிடும். மகன் சிறைக்குப் போவான் என்னும் அச்சத்தால், அவன் நோயை மறைக்கும் பெற்றோர் அவனை மருத்துவரிடமும் கொண்டு செல்லார். ஆதலின், அளவுகளைப் படிநிலைப்படுத்தலும், உடைமையையும் வியாபாரத்தையும் வேறு பிரித்தலும், தண்டனையை நீதிபதி நிருணயிக்க விடுதலும், முதன்முறை அகப்பட்ட பழக்கத்தினரைச் சிகிச்சைக்கு அனுப்புதலும் இன்றியமையாத திருத்தங்களாம்.

இக்கருத்துத் தமிழர்க்குப் புதியதன்று. மணிமேகலைக் காப்பியத்திலே, அமுதசுரபி ஏந்திச் சிறைக்கோட்டம் புகுந்து ஆங்குப் பசித்திருந்தோர்க்கு உணவளித்தாள் மணிமேகலை. வேண்டுவது யாதெனச் சோழ மன்னன் வினவ, பொன்னும் மணியும் கேளாது, சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்குமாறே அவள் வேண்டினாள்; மன்னனும் இசைந்தான். அக்காப்பியத்தை வகுப்பறையிலே பயிலும் மாணவர், நாளை சட்டத்தரணிகளாகவும் நீதிபதிகளாகவும் சட்டசபை உறுப்பினராகவும் அமர்வர். சிறைக்கு அனுப்பத்தக்கோர் யார், மருத்துவரிடம் அனுப்பத்தக்கோர் யார் எனத் தெளிந்து தீர்க்கும் சட்டத்தை ஆக்குதல் அவர்தம் பொறுப்பாகும்.