கொள்ளைநோய்க் காலத்து ஒற்றர் கதைகளும் ஒரு கணக்குப் பாடமும்

வியாபாரியான எனக்கு வரலாற்று வாசிப்பு நாற்பது வருடப் பழக்கம். 2020இல் கடை சாத்திக் கிடந்த நாட்களில் சூசானா கிரகரியின் ஆங்கில ஒற்றர் நாவல்களைப் படித்தேன். இரண்டாம் சார்லஸ் ஆண்ட லண்டன், கொள்ளைநோய், சதி, துப்பறியும் தாமஸ் சாலனர். சுவாரசியத்துக்குக் குறைவில்லை. ஆனா, நிஜத்தில் நடந்ததைத் தேடிப் போனபோதுதான் மனசு கனத்தது.

1665இல் லண்டனில் கொள்ளைநோய்க்குப் பலியானவர்கள் 68,596 பேர் என்கின்றன அக்கால மரணப் பட்டியல்கள். அரசவை ஆக்ஸ்போர்டுக்குப் போய்விட்டது. தந்தையின் தலையை 1649இல் வெட்டிய கூட்டம் தன்னையும் விடாது என்ற பயம் அரசனுக்கு. தபால்களைப் பிரித்துப் படித்தார்கள். நாடகாசிரியை அஃப்ரா பென் அம்மையாரே 1666இல் ஆண்ட்வெர்ப்புக்கு உளவு பார்க்கப் போனார்.

அந்த ஏப்ரலில் ஜான் ராத்போன் முதலிய எட்டுப் பேருக்கு மரண தண்டனை. அரசனைக் கொன்று நகரைக் கொளுத்தத் திட்டமிட்டார்கள் என்பது குற்றச்சாட்டு. குறித்த நாள் செப்டம்பர் 3. லில்லியின் பஞ்சாங்கப்படி நல்ல நாளாம்!

பாருங்கள், செப்டம்பர் 2ஆம் தேதியே ஒரு ரொட்டிக்கடையில் பிடித்த தீ நகரையே எரித்தது. நாவலாசிரியர் முடிச்சுப் போடும் இடம் இது. ஊராரும் போட்டார்கள். வெளிநாட்டவரையும் கத்தோலிக்கரையும் தெருவில் அடித்தார்கள். தானே தீ வைத்ததாகச் சொன்ன ராபர்ட் ஹூபர்ட் என்ற பிரெஞ்சுக்காரரை அக்டோபரில் தூக்கிலிட்டார்கள். தீப்பிடித்து இரண்டு நாள் கழித்தே அவர் லண்டனில் இறங்கினார் என்பது பிறகுதான் தெரிந்தது.

இன்னொருவர் ஜான் கிரான்ட். என்னைப் போல ஒரு வியாபாரி. அந்த மரணப் பட்டியல்களை ஆராய்ந்து 1662இல் நூல் எழுதிய மேதை. பின்னாளில் கத்தோலிக்கராக மாறியதால், தீயன்று குடிநீரை அடைத்தவர் அவரே என்று பழி கிளம்பியது. குடிநீர் நிறுவனத்தில் அவர் பொறுப்புக்கு வந்ததோ தீ அணைந்த பிறகு!

சீட்டு இல்லாமல் பேரேட்டில் பற்று எழுதாதே என்பது எங்கள் தொழில் விதி. கொள்ளைநோய்க் காலத்தில் சந்தேகம் நோயைவிட வேகமாகப் பரவும்; சீட்டில்லாமலே மனிதர் பெயரில் பற்று ஏறிவிடும். அந்தப் பற்று முதலில் விழுவது வெளியூர்க்காரன் தலையில். ஊர்விட்டு ஊர் பிழைக்க வந்த நமக்கு இது புரியாதா? ஒற்றர் கதைகளைத் தாராளமாகப் படிப்போம். அடுத்த வீட்டுக்காரரை மட்டும் அந்தக் கண்ணால் பார்க்க வேண்டாம்.