தேநீர்க் கடையும் தீக்காப்புறுதியும்

கண்டி மாநகரினின்று வத்தேகமை, பன்வில ஆகிய ஊர்களைக் கடந்து மேலேறும் பாதை, நக்கிள்ஸ் மலைத்தொடரின் சாரலை அணுகுமிடத்து மடுல்கெல்ல என்னும் சிற்றூரைக் காட்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கோப்பித் தோட்டங்களாலும், கோப்பி இலைநோயால் அழிந்த பின்னர் தேயிலைத் தோட்டங்களாலும் பெயர்பெற்ற பகுதி இது. இத்தகைய தோட்டத்துக் கடைவீதிகள் எல்லாவற்றிலும் தேநீர்க் கடை ஒன்றேனும் இருக்கும். விடியுமுன் அடுப்பு மூட்டப்படும். கடைசிப் பேருந்து போன பின்னரே அது அணையும். ஒரு புறம் கொதிநீர்ப் பாத்திரம், மறு புறம் எண்ணெய்ச் சட்டி, மேலே புகை படிந்த பலகைக் கூரை, பக்கத்தில் அதே சுவரைப் பங்கிட்டுக்கொள்ளும் சில்லறைக் கடை. நெருப்பினால் வாழும் தொழில் இது; நெருப்பினால் ஒரே இரவில் அழியக்கூடிய தொழிலும் இதுவே.

இத்துணை ஆபத்துடைய தொழிலைச் செய்வோர் காப்புறுதி செய்துகொள்வது அரிதாயிருப்பது ஏன் என்று வினவினால், அறியாமை என்ற விடையே பெரும்பாலும் கிடைக்கும். அவ்விடை எளிதானது, ஆயின் சரியானதன்று. சிறு கடைக்காரர் இலாப நட்டக் கணக்கிலே எவருக்கும் இளைத்தவரல்லர். காப்புறுதியின் விலை யாது, அவ்விலைக்குக் கிடைப்பது யாது என்பவற்றை வரலாற்றோடு சேர்த்து நோக்கினால், அவர் தயங்கியதற்குக் காரணம் புலப்படும்.

விந்தை யாதெனில், காப்புறுதித் தொழிலே உணவுக் கடைகளோடு உடன்பிறந்தது என்பதாகும். 1666ஆம் ஆண்டு செப்டெம்பர் 2ஆந் திகதி இலண்டன் மாநகரத்தின் புடிங் ஒழுங்கையிலே, தோமஸ் பரினர் என்பவருடைய ரொட்டிக் கடையில் தீப்பற்றியது. நான்கு நாட்களில் ஏறக்குறைய 13,200 வீடுகள் எரிந்து சாம்பராயின. அப்பெருந்தீயின் பின்னரே நிக்கலஸ் பாபன் என்பவர் 1680ஐ அடுத்து வீடுகளுக்குத் தீக்காப்புறுதி வழங்கும் தாபனம் ஒன்றைத் தொடங்கினார். செங்கல் வீட்டுக்கு ஒரு கட்டணமும் மரவீட்டுக்கு அதனைப் போல் இருமடங்கும் அவர் அறவிட்டார். கடற்காப்புறுதியின் கதையும் இத்தகையதே. எட்வேட் லொயிட் என்பவர் இலண்டனில் நடத்திய கோப்பிக் கடையிலே கப்பற்றலைவரும் வணிகரும் கூடிப் பேசினர். 1688இல் டவர் வீதியிலே இருந்ததாக அறியப்படும் அக்கடை 1691இல் லொம்பாட் வீதிக்கு மாறியது. உலகப் புகழ்பெற்ற லொயிட்ஸ் காப்புறுதிச் சந்தைக்கு அக்கோப்பிக் கடைக்காரரின் பெயரே இன்றளவும் நிலைத்திருக்கிறது. ரொட்டிக் கடையும் கோப்பிக் கடையும் பெற்றெடுத்த பிள்ளை, மலையகத்து ரொட்டிக் கடையையும் தேநீர்க் கடையையும் வெகுகாலம் திரும்பிப் பாராதிருந்தது.

பாபன் வகுத்த முறையே இன்றும் அடிப்படையாக உள்ளது. கடையின் பெறுமதியில் ஒவ்வொரு நூறு ரூபாய்க்கும் இத்தனை சதம் என்று ஆண்டுதோறும் செலுத்தும் கட்டுப்பணம் கணிக்கப்படும். சுவர் கல்லா பலகையா, கூரை ஓடா தகரமா, அடுப்பு விறகா எரிவாயுவா, எண்ணெயிற் பொரிப்பது உண்டா, பக்கத்துக் கடை எத்தனை அடி தொலைவில், தீயணைக்கும் படை எவ்வளவு நேரத்தில் வந்து சேரும் என்பனவெல்லாம் அந்தச் சதக் கணக்கை ஏற்றும் அல்லது இறக்கும். மலைச்சரிவிலுள்ள தேநீர்க் கடை இவ்வினாக்களுள் ஏறக்குறைய எல்லாவற்றிலும் தோற்றுவிடுகிறது. தீயணைக்கும் வண்டி கண்டி நகரிலிருந்து வளைந்து வளைந்து ஏறி வருமுன் கடையில் எஞ்சியிருப்பது அடுப்புக் கல் மட்டுமே.

இன்னொரு காரணமும் உண்டு. பத்துக் கோடி ரூபாய்த் தேயிலைத் தொழிற்சாலையைப் பரிசோதிப்பதற்கும் பத்து இலட்ச ரூபாய்க் கடையைப் பரிசோதிப்பதற்கும் கம்பனியின் உத்தியோகத்தர் ஒருவர் ஒரு நாளையே செலவிட வேண்டும். பத்திரம் எழுதும் செலவும் முகவருடைய தரகும் அப்படியே. ஆதலால் ஒரு குறிப்பிட்ட தொகைக்குக் கீழே கம்பனிகள் கட்டுப்பணம் ஏற்பதில்லை. ரூபாய் ஒன்றுக்கு எவ்வளவு என்று கணக்கிட்டால், தொழிற்சாலைத் துரையைவிடத் தேநீர்க் கடை முதலாளியே கூடிய விலை கொடுக்கிறார்.

பிரித்தானியர் ஆட்சிக் காலத்திலே இலங்கையில் காப்புறுதி பெரும்பாலும் கொழும்பு ஏஜென்சிக் கம்பனிகளின் கையிலிருந்தது. தோட்டங்களின் நிருவாகத்தை ஏற்று, தேயிலையை ஏற்றுமதி செய்து, இலண்டனிலுள்ள காப்புறுதிக் கம்பனிகளுக்கும் அவையே முகவராக விளங்கின. தோட்டத்துத் தொழிற்சாலைக்கும் துறைமுகத்துப் பண்டசாலைக்கும் காப்புறுதி இருந்தது. தோட்டத்து வாசலிலுள்ள கடைக்கு இல்லை. பத்திரமோ ஆங்கிலத்தில் அமைந்தது. அதன் பின்பக்கத்துச் சிற்றெழுத்து நிபந்தனைகளை ஆங்கிலம் கற்றவரே முழுதும் வாசித்தறிவது அரிது.

இந்நிலையை மாற்ற முற்பட்டவர்களுள் ரி. பி. இலங்கரத்தினவைக் குறிப்பிடல் வேண்டும். 1947இல் எழுதுவினைஞர் வேலைநிறுத்தத்தை முன்னின்று நடத்தி, அவ்வாண்டுப் பொதுத்தேர்தலில் கண்டித் தொகுதியில் வென்ற அவர், பின்னாளில் வர்த்தக அமைச்சராயிருந்தபோது 1961இல் காப்புறுதிக் கூட்டுத்தாபனச் சட்டம் நிறைவேறியது. 1962இல் ஆயுட்காப்புறுதியும், 1964இல் தீ, வாகனம் முதலிய பொதுக்காப்புறுதியும் அரசாங்கத்தின் தனியுரிமையாயின. பொது மக்களை நோக்கிக் காப்புறுதி ஓரளவு இறங்கி வந்தது உண்மையே. ஆயினும் ஒரே கடை மட்டும் உள்ள சந்தையிலே விலைபேச இடமில்லை என்பதும் உண்மையே. 1980களின் பிற்பகுதியில் தனியார் கம்பனிகள் மீண்டும் இத்துறைக்குள் புகுந்தன. அவை சிறிய கடைகளைத் தேடி மலையேறின என்று சொல்வதற்கில்லை.

இனிக் கண்டிப் பிரதேசத்துக் கடைக்காரரை எல்லாவற்றினும் கூடுதலாக வருத்திய செய்திக்கு வருவோம். அவருடைய கடையை எரித்தது எப்பொழுதும் அவருடைய அடுப்பன்று.

1915ஆம் ஆண்டு மே மாதம் 28ஆந் திகதி இரவு கண்டி நகரிலே தொடங்கிய கலவரம் சில நாட்களில் பல மாகாணங்களுக்குப் பரவியது. சோனக வணிகரின் கடைகள் பல கொள்ளையிடப்பட்டன. நட்டஈட்டுக்காக அரசாங்கம் விசேட சட்டமொன்றை இயற்றி, பாதிக்கப்பட்ட பகுதிகளில் வாழ்ந்த சிங்கள மக்களிடமிருந்து, குற்றமிழைத்தார் இழையார் என்ற வேறுபாடின்றிப் பணம் அறவிட்டது. இராணுவச் சட்டத்தின் பெயரால் அந்நாளில் நடந்தவற்றைச் சட்டநிரூபண சபையிலே கண்டித்துப் பேசிய சேர் பொன்னம்பலம் இராமநாதன், 1916இல் இலண்டனில் அதுபற்றி நூலும் வெளியிட்டார். அறவீட்டின் நீதி அநீதி ஒருபுறமிருக்க, கலவரத்தால் விளையும் நட்டத்தை யார் சுமப்பது என்ற வினா அன்றே எழுந்துவிட்டது.

சாதாரணத் தீக்காப்புறுதிப் பத்திரம் இவ்வினாவுக்கு ஒரே வரியில் விடை கூறிவிடும். வேலைநிறுத்தம், கலகம், உள்நாட்டுக் குழப்பம் ஆகியவற்றால் விளையும் சேதத்துக்குக் கம்பனி பொறுப்பன்று. மேலதிகக் கட்டணம் செலுத்தி அதனைச் சேர்த்துக்கொண்டால் மட்டுமே உண்டு. அடுப்பிலிருந்து பறந்த பொறிக்கு ஈடு உண்டு. வீதியிலிருந்து எறியப்பட்ட பந்தத்துக்கு இல்லை. சிக்கனம் கருதி மேலதிகக் கட்டணத்தை விட்ட கடைக்காரருக்கு இவ்வேறுபாடு சாம்பலைக் கண்ட பின்னரே விளங்கும்.

1958இலும் 1977இலும் நாட்டைக் குலுக்கிய வன்செயல்களை நேயர்கள் அறிவர். 1983 ஜூலை 24ஆந் திகதி இரவு கொழும்பிலே மூண்ட வன்செயல் இரண்டு நாட்களுள் கண்டியை எட்டியது. பேராதனை வீதியிலும் காசில் வீதியிலும் கொழும்பு வீதியிலும் தமிழர் கடைகள் பட்டப்பகலில் எரிந்தன. அதனையடுத்து அவசரகால விதிகளின் கீழ்ச் சேதமுற்ற சொத்துக்கள் அரசாங்கத்தின் பொறுப்பிற் கொண்டுவரப்பட்டு, அவற்றின் புனர்வாழ்வுக்கென அதிகாரசபை ஒன்றும் அமைந்தது. எரிந்த கடை தன்னுடையதே என்று மெய்ப்பித்து அதனை மீளப்பெறுவதற்குக் கடைக்காரர் மனு எழுதவேண்டியவரானார். அவரோ பெரும்பாலும் வாடகைக் குடி. கட்டடம் வேறொருவருடையது, பண்டமும் பாத்திரமும் மட்டுமே அவருடையவை. தமக்கு உரித்தில்லாத பொருளைக் காப்புறுதி செய்ய எவராலும் இயலாது என்பது காப்புறுதிச் சட்டத்தின் மூலவிதி. வீட்டுக்காரர் கட்டடத்தைக் காப்புறுதி செய்திருந்தாலும் அதிலே கடைக்காரருக்குச் சதமும் இல்லை.

ஒரே நாளில் ஒரு நாடு முழுவதும் மூளும் தீயை எந்தத் தனிக் கம்பனியும் தாங்காது. பலரிடம் சிறிது சிறிதாகப் பெற்றுச் சிலருடைய நட்டத்தை ஈடுசெய்வதே காப்புறுதி. எல்லாருக்கும் ஒரே வேளையில் நட்டம் வந்தால் அக்கணக்கு உடைந்துவிடும். ஆகவே 1980களின் பிற்பகுதியில் வேலைநிறுத்தம், கலகம், உள்நாட்டுக் குழப்பம், பயங்கரவாதம் ஆகியவற்றுக்கென அரசாங்கம் தனி நிதியமொன்றை நிறுவியது. கம்பனிகள் அதற்குரிய கட்டணத்தைப் பத்திரத்திலே தனியே குறித்து வசூலித்து நிதியத்துக்குச் செலுத்தும். 2006ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம் இப்பணியை ஏற்றது. கலவரச் சுமையை நாடு முழுவதுக்கும் பங்கிடும் இவ்வேற்பாடு, 1915இன் அறவீட்டைவிட நேர்மையானது என்பதில் ஐயமில்லை. குறை ஒன்றே: மூலப்பத்திரம் எடுத்தவருக்கே இந்நிதியத்தின் கதவு திறக்கும்.

2018 மார்ச் மாத முற்பகுதியில் இது மறுபடியும் தெளிவாயிற்று. மடுல்கெல்லவுக்குத் தெற்கே, வெகுதூரமில்லாத திகனையிலும் தெல்தெனியவிலும் மூண்டு, கண்டி மாவட்டத்தின் பிற இடங்களுக்கும் பரவிய வன்செயலில், முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் உணவுச்சாலைகளும் நூற்றுக்கணக்கில் சேதமுற்றன. மார்ச் 6ஆந் திகதி அவசரகால நிலை பிரகடனமாயிற்று. காப்புறுதியும் கலவர இணைப்பும் உடையோர் பத்திரத்தைக் காட்டினர். இல்லாதோர் அரசாங்கத்தின் நட்டஈட்டை எதிர்நோக்கி வரிசையில் நின்றனர்.

கம்பனியை நாடாத கடைக்காரர் பாதுகாப்பையே நாடவில்லை என்று கொள்ளற்க. சீட்டுப் பிடிக்கும் வழக்கமும் மரணாதார சங்கமும் மலையகத்தில் வேரூன்றியவை. சீட்டு நடத்துபவர் கடைக்காரரின் முகத்தை அறிவார். ஆபத்து நேர்ந்தால் முறைமாற்றி முதலில் அவருக்கே கொடுக்கவும் இசைவர். சுவர் கல்லா பலகையா என்று கேட்பதில்லை. ஆயின் ஒரே கடைவீதியார் கூடிப் போட்ட சீட்டு, அக்கடைவீதியே எரியும்போது உதவாது. மண்சரிவு ஊரையே மூடும்போதும் அப்படியே.

அண்மைக் காலத்துத் துன்பங்கள் இக்கணக்கை மேலும் இறுக்கியுள்ளன. 2021 நவம்பர், டிசம்பர் மாதங்களில் எரிவாயுச் சிலிண்டரோடு தொடர்புடைய வெடிப்புகள் நாட்டின் பல சமையலறைகளில் நிகழ்ந்தன. 2022இல் டொலர் ஒன்றின் விலை ஏறக்குறைய 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய் வரை ஏறியது; அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொட்டது. இதனால் விளைந்த தீங்கு பலருக்குத் தெரியாது. பத்து இலட்ச ரூபாய்க்குக் காப்புறுதி செய்த கடையின் அடுப்பும் குளிர்ப்பெட்டியும் பண்டமும் இன்றைய விலையில் இருபது இலட்சம் பெறுமென்று கொள்வோம். தீயினால் நான்கு இலட்சம் நட்டமாயின், பத்துக்குள் நான்கு அடங்குவதால் முழுத்தொகையும் கிடைக்கும் என்றே கடைக்காரர் எண்ணுவார். கம்பனியோ, பெறுமதியில் பாதிக்கே காப்புறுதி செய்தீர், ஆதலால் நட்டத்திலும் பாதியே தருவோம் என்று இரண்டு இலட்சத்தை நீட்டும். சராசரி நிபந்தனை எனப்படும் இது சட்டப்படி செல்லுபடியானதே. கட்டுப்பணத்தை ஏற்றாமல் பழைய தொகைக்கே பத்திரத்தைப் புதுப்பித்த சிக்கனம் இவ்வாறு வந்து கடிக்கும். கட்டுப்பணத்தின் மேல் வரும் பெறுமதி சேர் வரியும் 2024 ஜனவரி 1 முதல் 18 சதவீதமாயிற்று.

வேலையாளுக்கு நேரும் விபத்து மற்றொன்று. எண்ணெய் சிதறி ஒரு பையனின் கை வெந்தால், 1934ஆம் ஆண்டின் வேலையாள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் கடை பெரிதா சிறிதா என்று பாராது. அதற்கும் தனிக் காப்புறுதி, தனிக் கட்டணம்.

வெள்ளம், மண்சரிவு என்பனவும் தீப்பத்திரத்துள் தாமாக அடங்குவதில்லை. கேட்டுச் சேர்த்தல் வேண்டும். 2016இல் அரசாங்கம் தொடங்கிய தேசிய இயற்கை அனர்த்தக் காப்புறுதித் திட்டம் வீடுகளோடு சிறு தொழில்களையும் உள்ளடக்கி, 25 இலட்ச ரூபாய் வரை சொத்துச் சேதத்துக்கு ஈடளிக்க வகைசெய்தது. கடைக்காரர் கையிலிருந்து கட்டுப்பணம் கேளாத அத்தகைய முறையே மலையகத்துக்குப் பொருந்துவது என்று துணிந்து கூறலாம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொணர்ந்த பெருமழையில் கண்டி மாவட்டத்து மலைச்சரிவுகள் பல இடங்களில் இடிந்து வீழ்ந்தபோது, வீதியோரக் கடையொன்று நிற்குமிடமே அதன் முதலாவது அபாயம் என்பது கண்கூடாயிற்று. வீதி ஒதுக்கு நிலத்திலோ தோட்டக் காணியிலோ உறுதியின்றி நிற்கும் கடைக்குக் கட்டடக் காப்புறுதி கேட்பதற்கும் ஆதாரமில்லை.

தேநீர்க் கடைக்காரரின் பெருஞ்செல்வம் எது என்பதைக் காப்புறுதிக் கம்பனிகள் இன்னும் கணக்கில் எடுத்ததாகத் தெரியவில்லை. கண்ணாடிப் பெட்டியிலுள்ள வடையும் பனிசுமல்ல, பெஞ்சும் மேசையுமல்ல. சம்பள நாள்வரை தோட்டத்துத் தொழிலாளர் குடித்த தேநீரும் உண்ட ரொட்டியும் பெயர் பெயராக எழுதப்பட்டிருக்கும் கடன் கொப்பியே அது. மாத நடுவில் அக்கொப்பியிலுள்ள தொகை, கடையிலுள்ள பண்டத்தின் விலையை மிஞ்சுவதும் உண்டு. சாதாரணத் தீப்பத்திரமோ பணம், கணக்குப் புத்தகம், ஆவணம் என்பவற்றைத் தனியே குறிப்பிட்டாலன்றி விலக்கிவிடும். ஆதலாற்றான் இரவில் கடையைப் பூட்டும்போது, பணப்பெட்டியோடு கொப்பியையும் வீட்டுக்கு எடுத்துச் செல்வோர் இக்கடைக்காரரிடையே உளர்.