முள் சொன்ன விடை

கொருக்குப்பேட்டையில் இருப்புப் பாதையை ஒட்டி வெறுங்காலுடன் திரியும் சிறுவர்க்கு, காலில் முள்ளோ இரும்புச் சில்லோ தைப்பது புதிதன்று. இரண்டொரு நாளில் சீழ் கட்டும். “இந்தச் சீழ் எங்கிருந்து வருகிறது, ஐயா?” என்று என் வகுப்பு மாணவன் ஒருவன் கேட்டான். “எல்லாம் அழுக்கு” என்று சொல்லி அமர்த்திவிட்டேன். மாணவர்களே, அது பிழையான விடை. சீழ் என்பது பெரும்பாலும் கிருமிகளோடு பொருது மடிந்த வெள்ளணுக்களின் குவியலாகும்.

இதனை முதலில் உணர்த்தியதும் ஒரு முள்ளே. 1882-ஆம் ஆண்டில் சிசிலித் தீவின் மெசினா நகரில், இலியா மெச்னிகாவ் என்னும் ருஷ்ய அறிஞர், கண்ணாடிபோல் தெளிந்த நட்சத்திர மீன் குஞ்சின் உடலில் ரோஜா முள்ளைச் செருகினார். மறுநாட் காலையில் முள்ளைச் சுற்றி அணுக்கள் மொய்த்திருந்தன. அவையே விழுங்கணுக்கள். ஜெர்மானிய அறிஞர் பலர் இதனை ஏற்கவில்லை. கிருமியைக் கொல்வது இரத்தத்தின் ஊனீரே என வாதிட்டனர். 1895-இல் ஜூல் போர்டே, மெச்னிகாவின் ஆய்வுக்கூடத்திலேயே இருந்துகொண்டு, வெப்பத்தால் அழியும் துணைப்பொருள் ஒன்று ஊனீரில் உண்டெனக் காட்டியது எதிர்க்கட்சிக்கு வலுவாயிற்று!

இந்த வழக்கில் ஈடுபட்டோர்க்கு நம் நாட்டுடன் தொடர்புண்டு. மெச்னிகாவின் மாணவர் ஹாஃப்கின், 1893-இல் காலரா தடுப்பூசியுடன் இந்தியா வந்தார். 1898-இல் பிளேக் விசாரணைக் குழுவின் உறுப்பினராக ஆல்ம்ரத் ரைட் வந்தார். பின்னர் இலண்டனில், 1903-இல், ரைட்டும் டக்ளஸும் ஒரு சோதனை செய்தனர். ஊனீர் நீங்கக் கழுவிய வெள்ளணுக்கள் கிருமிகளைப் பெரும்பாலும் தொடவில்லை. ஊனீர் சேர்த்ததும் விழுங்கின. ஊனீரைச் சூடாக்கியபோது அத்திறன் பெரிதும் குன்றியது. கிருமியை உணவாகப் பக்குவப்படுத்தும் அப்பொருளுக்குக் கிரேக்கச் சொல்லொன்றிலிருந்து ‘ஆப்சோனின்’ எனப் பெயரிட்டனர். குழம்பில்லாச் சோற்றை நம் பிள்ளைகள் ஒதுக்குவதில்லையா? அதுபோலத்தான். அணுவும் வேண்டும், ஊனீரும் வேண்டும். 1908-இல் நோபல் பரிசை மெச்னிகாவும், ஊனீர்க் கட்சியின் பால் எர்லிக்கும் பகிர்ந்துகொண்டனர்.

அந்தத் துணைப்பொருள் ஒன்றன்று, பல புரதங்களின் கூட்டம் என்பதைப் பிற்காலத்தார் கண்டனர். அவற்றுள் தலையாயது சி3. அது பிளவுண்டு, சி3பி என்னும் துண்டாகிக் கிருமியின்மேல் இறுக ஒட்டிக்கொள்கிறது. விழுங்கணுவின் மேற்பரப்பிலுள்ள ஏற்பிகள் அதனைப் பற்றுகின்றன. எதிர்ப்பொருளின் வாற்பகுதியைப் பற்றும் ஏற்பிகள் வேறு. முன்னவை பெரும்பாலும் பிடித்து நிறுத்தும். பின்னவை விழுங்கத் தூண்டும். இரண்டும் கூடினால் சிறிதளவு எதிர்ப்பொருளே போதுமானது. பிறவியிலேயே சி3 அற்றவர்கள் சீழ்க்கிருமிகளால் அடிக்கடி துன்புறுகின்றனர்.

காசநோய்க் கிருமியோ மகா தந்திரசாலி. சி3-ஐப் போர்த்துக்கொண்டு, அதே ஏற்பிகளின் வழியாகவே விழுங்கணுவினுள் புகுந்து, செரிபடாமல் அங்கேயே குடித்தனம் நடத்துகிறது. அதனை வெல்ல மாதக்கணக்கில் மருந்து தேவைப்படுகிறது. 1956-இல் சென்னையில் தொடங்கப்பெற்ற காசநோய் மருந்தாய்வு நிலையம், நெரிசலான வீடுகளில் இருந்தபடியே ஓராண்டு மருந்துண்ட ஏழை நோயாளிகள், சானடோரியத்தில் தங்கியவர்க்கு ஏறத்தாழ நிகராகவே குணமடைந்ததை 1959-இல் உலகுக்கு அறிவித்தது.