வரலாற்றாய்வில் முறைகளின் தேர்வும் இணைப்பும்

வரலாறு என்பது கடந்த காலத்தைப் பற்றிய அறிவு எனப் பொதுவாகக் கூறப்படினும், அவ்வறிவு எவ்வழியாற் பெறப்பட்டது என்ற வினாவே வரலாற்றாய்வை வெறும் பழங்கதையினின்றும் வேறுபடுத்துகின்றது. இலக்கியம், சாசனம், நாணயம், தொல்பொருள், மொழி எனப் பல்வகைச் சான்றுகள் ஆய்வாளன் முன் உள்ளன. ஒவ்வொன்றும் தனக்கென ஓர் ஆய்வு முறையை வேண்டி நிற்கின்றது. இவற்றுள் எதனைத் தெரிவது, ஒன்றுக்கு மேற்பட்டவற்றை எவ்வாறு இணைப்பது என்பன முறையியலின் தலையாய பிரச்சினைகளாம். பல முறைகளை ஒருங்கே கையாண்டால் உண்மை தானே புலப்படும் என்ற எண்ணம் மாணவரிடையே பரவலாக உண்டு. அவ்வெண்ணம் எத்துணைப் பொருந்தும் என்பதைத் தென்னாசிய வரலாற்றாய்விலிருந்து சில எடுத்துக்காட்டுகளைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சமூக விஞ்ஞானங்களில் முறைகளை இணைக்கும் சிந்தனை இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியிலேயே தெளிவான வடிவம் பெற்றது. 1959 இல் கம்பெல், பிஸ்கே ஆகிய உளவியலாளர் ஒரே பண்பினைப் பல முறைகளால் அளந்து ஒப்பிட வேண்டியதன் அவசியத்தை வலியுறுத்தினர். 1970 இல் நோர்மன் டென்சின் தரவுகள், ஆய்வாளர், கோட்பாடுகள், முறைகள் என நான்கு நிலைகளில் இவ்விணைப்பினை வகைப்படுத்தினார். இதற்கு வழங்கும் பெயர் முக்கோண முறை என்பதாகும். இப்பெயர் நில அளவையியலிலிருந்து பெறப்பட்டது. 1802 இல் வில்லியம் லாம்ப்டன் சென்னைப் பரங்கிமலைக்கு அருகே ஓர் அடிக்கோட்டினை மிக நுணுக்கமாக அளந்து, அதன் இரு முனைகளிலிருந்தும் தொலைவிலுள்ள புள்ளிகளுக்குக் கோணங்களைக் கணித்து, இந்தியப் பெருநிலப்பரப்பின் அளவையைத் தொடங்கினார். இம்முறைக்கு இரு நிபந்தனைகள் உள. ஒன்று, அடிக்கோடு பிழையின்றி அளக்கப்படல் வேண்டும். மற்றது, நோக்கும் புள்ளிகள் இரண்டும் ஒன்றினின்று ஒன்று விலகி நிற்றல் வேண்டும். இரு புள்ளிகளும் ஒன்றேயாயின் முக்கோணம் உருவாவதில்லை. வரலாற்றாய்வாளர் இவ்விரண்டாவது நிபந்தனையையே பெரிதும் மறந்துவிடுகின்றனர்.

முறைகளின் இணைப்பு வெற்றி பெற்ற நிகழ்ச்சிகளுள் அசோகன் அடையாளங் காணப்பட்டமை முதன்மையானது. கல்கத்தாவில் நாணயச்சாலை அதிகாரியாயிருந்த ஜேம்ஸ் பிரின்செப், சாஞ்சித் தூபியின் கல்வேலிகளிற் காணப்பட்ட குறுஞ்சாசனங்கள் பல ஒரே இரண்டு எழுத்துக்களோடு முடிவதை அவதானித்து, அவை தானம் என்ற சொல்லைக் குறிப்பனவாகலாம் என ஊகித்தார். அவ்வூகத்தின் வழியே 1837 இல் பிராமி எழுத்துக்களை வாசிக்கும் நெறி திறக்கப்பட்டது. ஆயினும் தூண்களிலும் பாறைகளிலும் பேசிய தேவானாம்பிய பியதசி என்னும் மன்னன் யாவன் என்பது புலப்படவில்லை. இந்திய அரச பட்டியல்களில் அப்பெயர் காணப்படாமையால், இலங்கையின் தேவநம்பிய தீசனே அவன் எனப் பிரின்செப் முதலிற் கருதினார். இலங்கையிற் குடியியற் சேவை அதிகாரியாயிருந்து மகாவம்சத்தை ஆங்கிலத்திற் பெயர்த்த ஜோர்ஜ் ரேணர், தீபவம்சத்தில் அப்பெயர் சந்திரகுப்தனின் பேரனாகிய அசோகனுக்கு வழங்கப்பட்டிருத்தலை எடுத்துக்காட்டி இத்தவறினைத் திருத்தினார். பின்னர் 1915 இல் மஸ்கியிற் கண்டெடுக்கப்பட்ட சாசனம் அசோகன் என்ற பெயரையே வெளிப்படையாகத் தாங்கி நின்று இம்முடிவினை உறுதிப்படுத்தியது.

இங்கு எழுத்தாய்வும் நூலாய்வும் ஒன்றையொன்று நிறைவு செய்தன. கல்வெட்டு மன்னனின் குரலைத் தந்தது. பாளி நூல் அவன் பெயரைத் தந்தது. பதின்மூன்றாம் பாறைச் சாசனத்தில் இடம்பெறும் கிரேக்க மன்னர் ஐவரின் பெயர்கள், மேற்காசிய வரலாற்றின் துணையோடு அவன் காலத்தைக் கணிக்க உதவின. மூன்று சான்றுகளும் மூன்று வேறு திசைகளிலிருந்து வந்தனவாதலின் அவை கூடிய இடத்தில் உறுதியான முடிவு பிறந்தது.

எனினும் சான்றுகள் உடன்படும் இடங்களைப் போன்றே உடன்படாத இடங்களும் கருதத்தக்கன. கலிங்கப் போரினையும் அதன் அழிவு கண்டு தான் வருந்தியமையையும் அசோகன் தன் சாசனத்தில் விரிவாகக் கூறுகின்றான். மகாவம்சமோ அப்போரினைக் குறிப்பிடாது, நிக்ரோதன் என்னும் இளந்துறவியின் போதனையால் அவன் மனம் மாறினான் என்கின்றது. அவ்வாறே தாமிரபரணிக்குத் தர்மத்தின் செய்தி சென்றமை சாசனங்களால் அறியப்படினும், மகிந்தரின் பெயர் அவற்றிற் காணப்படவில்லை. இவ்வேறுபாடுகளை இழுத்துப் பொருத்த முனைவது ஆய்வாகாது. அரசன் தன் குடிகளுக்கு அறிவித்த செய்தியும், சங்கம் தன் மரபினைப் பேணும் பொருட்டு எழுதிய செய்தியும் வேறுபட்ட நோக்கங்களையுடையன. முரண்பாடு அந்நோக்கங்களை அறிவதற்கான வாயிலாக அமைகின்றது.

இணைப்பிற்கு வேண்டிய சுயாதீனத்தினை விளக்க மேலும் ஒரு சான்று உண்டு. 1851 இல் கன்னிங்காம் சாஞ்சியின் இரண்டாம் தூபியினை அகழ்ந்தபோது கிடைத்த தாதுப் பேழைகளில், இமயப் பிரதேசத்திற்குரிய ஆசிரியராகக் கசபகொத என்பாரும், அவரோடு மஜ்ஜிம என்பாரும் குறிக்கப்பட்டிருந்தனர். இமயப் பகுதிக்குச் சென்ற பௌத்த சமயத் தூதுவர்களாக இலங்கைப் பாளி மரபு கூறும் பெயர்களோடு இவை பொருந்தின. பாளி நூல்கள் எழுதப்படுமுன்னரே தூபியினுள் மூடப்பட்ட பேழைகளாதலின், ஒன்றைப் பார்த்து மற்றொன்று எழுதப்பட்டது எனக் கூறுதற்கு இடமில்லை. இதற்கு மாறாக, ஒரு செய்தி தீபவம்சத்திலும் மகாவம்சத்திலும் காணப்படுவதால் அது இரு சான்றுகளால் நிறுவப்பட்டது எனக் கொள்வது தவறாகும். இரண்டும் மகாவிகாரையிற் பேணப்பட்ட சிங்கள அட்டகதா மரபினை மூலமாகக் கொண்டவை. இங்கு நோக்கும் புள்ளி ஒன்றே, முக்கோணம் இல்லை.

தொல்லியலிலும் இத்தவறு நேர்ந்துள்ளது. 1945 இல் மோட்டிமர் வீலர் அரிக்கமேட்டினை அகழ்ந்து, அங்கு கிடைத்த இத்தாலிய அரட்டைன் மட்பாண்டங்களின் காலத்தை அளவுகோலாகக் கொண்டு, அவற்றோடு தொடர்புடைய ரூலெட் மட்பாண்டங்களுக்கும் கிறித்து சகாப்தத்தின் தொடக்கத்தை ஒட்டிய காலத்தை வகுத்தார். தென்னிந்தியத் தொல்லியலுக்கு ஒரு கால அடிக்கோட்டினை அளித்த பெருமை அவ்வாய்விற்கு உண்டு. ஆனால் அதன் பின்னர் ரூலெட் மட்பாண்டம் கிடைத்த இடங்களுக்கெல்லாம் அக்காலமே வழங்கப்படலாயிற்று. பத்து இடங்கள் ஒரே காலத்தைக் காட்டின எனினும் அவை பத்துச் சாட்சிகளல்ல. ஒரே சாட்சியின் பத்துப் பிரதிகளேயாகும். விமலா பெக்லி 1983 இல் வீலரின் முடிவுகளை மீளாய்வு செய்து, 1989 முதல் 1992 வரை மீண்டும் அகழ்வு நடத்தி, இம்மட்பாண்டத்தின் தோற்றம் வீலர் கருதியதிலும் முற்பட்டது எனக் காட்டினார். அடிக்கோடு மாறியபோது அதன்மேற் கட்டப்பட்ட கணிப்புகள் யாவும் மீள நோக்கப்பட வேண்டியவாயின.

விஞ்ஞான முறைகள் இவ்விடர்ப்பாட்டினை முற்றாக நீக்கிவிடும் எனக் கருதுவதும் பொருந்தாது. பௌத்தத்தோடு அசோகன் காலத்திலேயே எழுத்து இலங்கைக்கு வந்தது என்பது நெடுங்காலமாக நிலவிய கருத்தாகும். சிரான் தெரணியகல 1969 முதல் அநுராதபுரத்தில் மேற்கொண்ட அகழ்வுகளும், பின்னர் றொபின் கொனிங்ஹாம் குழுவினர் மேற்கொண்ட அகழ்வும், பிராமி பொறித்த மட்பாண்டத் துண்டுகளை அசோகனுக்கு முற்பட்டனவாகக் கணிக்கப்பட்ட மண்படைகளில் வெளிப்படுத்தின. இக்கணிப்பிற்குக் காபன் 14 முறை உதவியது. ஆயினும் ஏறத்தாழ கி.மு. 800 முதல் கி.மு. 400 வரையான காலத்தில் அம்முறையின் திருத்தக் கோடு தட்டையாக அமைவதால், அக்காலத்துப் பொருள்களுக்கு நுட்பமான ஆண்டெல்லை வகுத்தல் கடினம். அன்றியும் காபன் கணிப்பு கரியின் காலத்தையே கூறும். அக்கரிக்கும் ஓட்டுத் துண்டுக்குமுள்ள தொடர்பினை மண்படை ஆய்வே கூறவேண்டும். ஆய்வுகூடம் அகழ்வாளனின் கவனத்திற்கு மாற்றாகாது.

எல்லாவற்றிற்கும் மேலாக, முறையினைத் தீர்மானிப்பது வினாவே என்பது உணரப்படல் வேண்டும். பொம்பரிப்பின் தாழிக்காடு தமிழகத்து ஆதிச்சநல்லூரின் ஈமத்தாழிகளை நினைவூட்டுவது. 1980 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தினர் ஆனைக்கோட்டையில் அகழ்ந்த ஈமக்குழியிலிருந்து, பிராமி எழுத்துக்களோடு குறியீடுகளும் பொறிக்கப்பெற்ற முத்திரை கிடைத்தது. பாக்கு நீரிணையின் இரு கரையிலும் பண்பாட்டுத் தொடர்பு நிலவியமைக்கு இவை வலுவான சான்றுகள். ஆனால் தாழியைச் செய்தவர் எம்மொழி பேசினர் எனின், அதற்குத் தாழி விடை கூறாது. எழுத்துப் பொறிப்பே கூறவல்லது. அப்பொறிப்பும் அதனைக் கொண்டிருந்தவரைப் பற்றிக் கூறுமேயன்றி, அப்பிரதேச மக்கள் அனைவரையும் பற்றிக் கூறாது. கறுப்புச் சிவப்பு மட்பாண்டத்தினை ஓர் இனத்தின் அடையாளச் சீட்டாகக் கொள்வோரும், வம்ச நூலின் வரிகளை நிலவுரிமை உறுதியாகக் கொள்வோரும் ஒரே தவறினையே செய்கின்றனர். ஒரு சான்றினால் விடை கூற முடியாத வினாவினை அதனிடம் வினவுவதே அத்தவறு.

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து முறைகளின் இணைப்பிற்கு நான்கு நெறிகளை வகுக்கலாம். முதலாவதாக, வினா தெளிவாக வரையறுக்கப்பட்ட பின்னரே முறை தெரியப்படல் வேண்டும். இரண்டாவதாக, ஒவ்வொரு சான்றும் அதற்குரிய துறையின் விதிகளுக்கு அமையத் தனித்தனியே ஆராயப்படல் வேண்டும். நூலில் உள்ளதைக் காணும் பொருட்டு அகழ்வதும், அகழ்வில் கண்டதைக் கொண்டு நூலைத் திருத்தி வாசிப்பதும் ஆய்வினைச் சுழல்வட்டமாக்கிவிடும். மூன்றாவதாக, சான்றுகள் உண்மையிலேயே வேறுபட்ட மூலங்களையுடையனவா என்பது விசாரிக்கப்படல் வேண்டும். நான்காவதாக, அவை முரண்படுமிடத்து அம்முரண்பாடு மறைக்கப்படாது விளக்கப்படல் வேண்டும்.

இலங்கையில் வரலாறு ஏட்டுக்கல்வியோடு நின்றுவிடுவதன்று. யார் முந்தியவர் என்ற வாதம் அரசியல் மேடைகளில் ஒலித்த காலங்களில் அதன் விளைவுகளைச் சாதாரண மக்களே அனுபவித்தனர். ஆதலின் முறையியல் பற்றிய கவனம் இந்நாட்டு ஆய்வாளருக்கு ஒரு சமூகக் கடப்பாடுமாகும். தமக்கு உவப்பான முடிவினைத் தரும் சான்றினையும், உவப்பற்ற முடிவினைத் தரும் சான்றினையும் ஒரே கடுமையோடு சோதிக்கும் ஆய்வாளரே அக்கடப்பாட்டினை நிறைவேற்றியவராவர்.